210 குட்டை, 240 நீளம்: நடுவில் ஒரு ஜப்பானியக் கத்தி கிடைக்குமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுகளாக 210 மி.மீ. கியூட்டோ, அதாவது மேற்கத்திய வடிவில் செய்த ஜப்பானியச் சமையல் கத்தி ஒன்றை வைத்துச் சமைக்கிறீர்கள். முட்டைக்கோஸ், பூசணி என்று வந்தால் அது எட்டுவதில்லை. நண்பர் வீட்டு 240-ஐ வாங்கிவந்து பார்த்தால் முனை சுவர் ஓட்டில் இடிக்கிறது. உங்கள் பலகையும் 36-க்கு 24 செ.மீ. தான். சரி, நடுவில் 225 வாங்கலாம் என்று தேடினால் ஒரு கடையிலும் சிக்கவில்லை. அப்படி ஓர் அளவே கிடையாதா, இல்லை நான் தேடும் விதம் தப்பா என்று கேட்கிறீர்கள்.

தேடும் விதம்தான் தப்பு, ஆனால் குற்றம் உங்களுடையது இல்லை. பெட்டியில் அச்சடித்த எண் ஒன்று, கத்தி வாயின் நீளம் இன்னொன்று. 225, 228 என்று வாய் உள்ள கியூட்டோக்கள் தாராளமாக விற்கின்றன. அவற்றின் பெட்டியில் 240 என்று போட்டிருக்கும், அவ்வளவுதான்.

இது எனக்கும் பட்டுத்தான் புரிந்தது. ஒசாகாவில் ஓர் ஓட்டல் அடுக்களையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பக்கத்தில்தான் சாக்காய், ரயிலேறினால் அரை மணிக்குள் போய்விடலாம். ஜப்பானியச் சமையல்காரர்கள் மதித்து வாங்கும் கத்திகளின் ஊர் அது. ஒருவர் எஃகை அடித்து உருவாக்குவார், இன்னொருவர் வாய் தீட்டுவார், மூன்றாமவர் பிடி மாட்டுவார். ஒரே கத்திக்கு மூன்று பட்டறை. முதல் போனஸ் வந்த வாரம் அங்கே ஒரு சின்னக் கடையில் மரப்பிடி போட்ட 240 கியூட்டோ வாங்கினேன். அறைக்கு வந்ததும், ஏன் என்று தெரியவில்லை, அளவுகோலை வைத்துப் பார்க்கத் தோன்றியது. அடிமூலையிலிருந்து முனை வரை 228. பன்னிரண்டு மி.மீ. குறைவு! வெளியூர்க்காரன் என்று தலையில் கட்டிவிட்டார்கள் என்று மனசு கொதித்தது.

அடுத்த விடுமுறையில் கத்தியையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரப் பெரியவர் துளியும் கோபப்படவில்லை. எஃகு அளவுகோலை எடுத்து, மரப்பிடி முடிந்து இரும்பு தொடங்கும் இடத்தில் ஒரு நுனியை வைத்து, முனை வரை பிடித்துக் காட்டினார். மி.மீ. பிசகாமல் 240. அப்புறம் டீ கொடுத்து அனுப்பினார். அந்தக் கத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. பத்து வருடத் தீட்டலில் தேய்ந்து இப்போது 224.

நடந்தது இதுதான். ஜப்பானிய மரப்பிடிக் கத்தியில் வெட்டும் வாய் பிடியை ஒட்டித் தொடங்காது. நடுவே ஒன்று, ஒன்றரை செ.மீ. நீளத்துக்கு வெறும் கழுத்து இருக்கும். கழுத்தில் படி போல ஒரு வெட்டும் உண்டு, அதை மாச்சி என்பார்கள். கழுத்து முடிந்த பிறகுதான், சமையல்காரர்கள் ஹீல் என்று சொல்லும் அடிமூலை வரும். சாக்காய்க்காரர்களின் வழக்கம் கழுத்தையும் சேர்த்து அளப்பது. அதனால் சாக்காயில் செய்த 240 கியூட்டோ ஒன்றின் வாய் பெரும்பாலும் 225-க்கும் 232-க்கும் நடுவில் நிற்கும். கிஃபு மாநிலத்துச் செக்கியில் ஆலைகளில் செய்கிற, மேற்கத்திய பிடி போட்ட கத்திகளில் அந்த இடைவெளியே இல்லை. அங்கே 240 என்றால் வாயே 240. நீகாத்தா மாநிலத்துச் சான்ஜோ, ஃபுகுயி மாநிலத்து எச்சிசென் ஊர்க் கொல்லர்கள் பெரும்பாலும் வாயைத்தான் அளக்கிறார்கள். கையால் அடித்த சரக்கு என்பதால் 240 என்று போட்டது 245 இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

ஆக ஒரே எண்ணை ஒட்டிக்கொண்டு ஒரு விரற்கடை வித்தியாசத்தில் கத்திகள் கடையில் அடுத்தடுத்து கிடக்கின்றன. உங்கள் நண்பரின் 240 எந்த ஊர்க்காரன் என்று முதலில் பாருங்கள். அது சான்ஜோக்காரனாக இருந்து, நீங்கள் வாங்குவது சாக்காய்க்காரனாக இருந்தால், உங்கள் பிரச்சினையில் முக்கால் பங்கு அங்கேயே தீர்ந்தது.

முப்பது முப்பதாகத் தாவும் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்கிறேன். தேடுவதற்கு அது உதவும். ஜப்பானின் பழைய நீள அளவு சுன். பத்து சுன் ஒரு ஷாக்கு. 1891-ஆம் ஆண்டுச் சட்டம் ஷாக்குவை மீட்டரில் 33-இல் 10 பங்கு என்று வரையறுத்தது. அந்தக் கணக்கில் ஒரு சுன் 30.3 மி.மீ. வணிகத்தில் மெட்ரிக் முறைதான் என்று 1959-இல் ஆன பிறகும் கத்திப் பட்டறைகள் சுன்னை விடவில்லை, எழுதுவதை மட்டும் மாற்றிக்கொண்டன. ஆறு சுன் 180 ஆனது, ஏழு சுன் 210, எட்டு சுன் 240, ஒன்பது 270, ஒரு ஷாக்கு 300. எட்டு சுன்னுக்கு ஹஸ்ஸுன் என்று பெயர். கைசெக்கி விருந்தில் பருவத்துக்கு ஏற்ற சிறு உணவுகளை அடுக்கி ஒரு சதுரத் தட்டில் கொண்டுவருவார்களே, அந்தப் பரிமாறலுக்கும் ஹஸ்ஸுன் என்றே பெயர். தட்டின் பக்கம் எட்டு சுன் என்பதால். கத்தியும் தட்டும் ஒரே அளவுகோலில் பிறந்தவை.

சுன்னுக்குக் கீழே பு. பத்து பு ஒரு சுன். நீங்கள் தேடும் 225 என்பது ஏழு சுன் ஐந்து பு, அதாவது ஏழரை சுன். கறாராகக் கணக்குப் போட்டால் 227 மி.மீ. வரும். ஜப்பானியக் கொல்லருக்கு இது புது அளவே இல்லை. மீன் அறுக்கும் தேபா, காய் சீவும் உசுபா இரண்டும் அரை சுன் ஏற்றத்தில் 165, 180, 195, 210, 225 என்று வரிசையாகக் கிடைக்கும். கியூட்டோவில்தான் நடு அளவுகள் காணாமல் போகின்றன.

கியூட்டோ கொஞ்சம் வேற்று ஜாதி. கியூ என்றால் மாடு, டோ என்றால் வாள். கியோட்டோ நகரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மெய்ஜி பேரரசர் 1872-இல் மாட்டிறைச்சி சாப்பிட்டு, பழைய தடைகள் கழன்று, மேற்கத்தியச் சமையல் நாட்டுக்குள் நுழைந்த காலத்தில் பிரெஞ்சுக்காரர்களின் சமையல் கத்தியைப் பார்த்து உருவானது. உருவம் வெளிநாடு, அளவு உள்நாடு. அரை சுன் ஏற்றம் இதற்கு ஏன் வரவில்லை என்றால், என் கணிப்பில் காரணம் கடைக்காரரின் அலமாரி. ஒவ்வோர் அளவுக்கும் தனி அச்சு, தனிப் பெட்டி, தனி மர உறை வேண்டும். வீட்டுக்கு வாங்குபவர் 210, ஓட்டலுக்கு வாங்குபவர் 240 அல்லது 270 என்று பழகிவிட்டார்கள். நடுவில் ஒன்றை வைத்தால் இரண்டின் விற்பனையையும் அது கொஞ்சம் தின்னும்.

சரி, உங்களுக்கு நிஜமாகவே 225 வேண்டுமா? பணம் போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடலாம்.

முட்டைக்கோஸைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்து வைத்தால் அகலம் 17, 18 செ.மீ. இருக்கும். கத்தியை முன்னால் தள்ளி வெட்டும் முறையில் ஒரு தள்ளலுக்கு நாலைந்து செ.மீ. ஓட்டம் தேவை. இரண்டையும் கூட்டுங்கள், 22 அல்லது 23 வருகிறது. 210-இல் இதைச் செய்தால் தள்ளத் தொடங்கும்போதே முனை காய்க்குள் புதைந்திருக்கும், மேல் இலைகள் கிழியும். உங்கள் கை சொல்வது கணக்குப்படியும் சரிதான். அரிவாள்மணையில் இந்த வம்பே கிடையாது. அங்கே இரும்பு சும்மா நிற்கிறது, காய்தான் நகர்கிறது. எங்கள் அம்மா ஒரு சாண் அரிவாள்மணையில் முழுப் பரங்கிக்காயை முடித்துவிடுவார். கத்திக்கு மாறும்போதுதான் நீளம் ஒரு கேள்வியாகிறது.

ஆனால் நீளம் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு வளைவு. உங்கள் 210-ஐப் பலகை மேல் நிறுத்தி, கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டுவந்து, பின்னால் வெளிச்சம் இருக்கும்படி பாருங்கள். வாயின் எவ்வளவு நீளம் பலகையைத் தொடுகிறது? வயிறு பருத்த பிரெஞ்சு வடிவக் கத்தியில் தட்டையான பகுதி சொற்பம். முன்பாதி ஏறி வளைந்து போய்விடும். அப்படிப்பட்ட 210-இல் காய் நறுக்க உதவுவது ஒரு பங்குதான், மீதி அந்தரத்தில் நிற்கிறது. வாய் நேராக ஓடி முனைக்குப் பக்கத்தில் மட்டும் ஏறுகிற 210 ஒன்றைப் பிடித்துப் பார்த்தால், ஒரு செ.மீ. கூடியது போலவே இருக்கும். முனை சரிவாக வெட்டியது போலிருக்கும் கிரிட்ஸுகே வகைக் கியூட்டோக்கள் பல இப்படித்தான். அரிந்து குவித்த கொத்தமல்லியை ஆட்டி ஆட்டிக் கொத்துவது உங்கள் பழக்கம் என்றால் மட்டும் இந்த நேர் வாய் ஒத்துவராது, மணிக்கட்டு வலிக்கும்.

இன்னொன்று, நிற்கும் விதம். சுவரில் இடிக்கிறது என்றீர்கள். பலகைக்கு நேராக, வயிறு மேடையில் ஒட்டும்படி நின்றால் எந்தக் கத்தியும் சுவரைத்தான் பார்க்கும். ஜப்பானிய அடுக்களையில் புதிதாகச் சேருபவனுக்கு முதல் பாடமே இதுதான்: வலது காலை அரையடி பின்னால் வை, உடம்பைப் பலகைக்குச் சாய்கோணமாகத் திருப்பு. (இடக்கைக்காரராக இருந்தால் இடது கால்.) அப்போது முழங்கை உடம்பில் இடிக்காது, கத்தியும் பலகைக்குக் குறுக்குமூலையாக ஓடும். உங்கள் 36-க்கு 24 பலகையின் குறுக்குமூலை நீளம் 43 செ.மீ. 240 கத்தி அதில் வசதியாக ஆடும். நண்பரின் கத்தியை ஒரு வாரம் இரவல் வாங்கி, இப்படி நின்று வெட்டிப் பாருங்கள். காசில்லாமல் தீர்ந்துவிட்டால் நல்லதுதானே. அடுத்த வாரமும் இடித்தால் கீழே போகலாம்.

நேராக நடு அளவு செய்கிற நிறுவனங்கள் சில உண்டு. எனக்குப் பழக்கமானது மேக். அவர்கள் சுன்னை விட்டு அங்குலத்தில் யோசிக்கிறவர்கள், அதனால் படிகளே வேறு. புரொஃபஷனல் வரிசையில் எம்டிஎச்-80 என்பது 200 மி.மீ., எம்பிகே-85 என்பது 215, எம்பிகே-95 என்பது 240. எண்ணைப் பார்த்தாலே எட்டு, எட்டரை, ஒன்பதரை அங்குலம் என்று புரியும். 215 உங்கள் தேவைக்கு அரைக் கிணறு என்றுதான் சொல்வேன். இருக்கிற 210-லிருந்து ஐந்து மி.மீ. ஏறுவதற்காகப் புதுக் கத்தி வாங்க மனசு வராது. டோஜிரோவின் டிபி வரிசை 210-லிருந்து நேராக 240-க்குத் தாவுகிறது. மிசோனோவின் யூஎக்ஸ்10-உம் அப்படியே. குளோபலில் 20-க்கு அடுத்த பெரிய சமையல் கத்தி என்று எல்லோரும் எடுப்பது 24 செ.மீ. இவை எல்லாவற்றிலும் வாயைத்தான் அளக்கிறார்கள், கழுத்து விளையாட்டு இல்லை. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து வூஸ்ட்ஹோஃப் 23 செ.மீ. கத்தி செய்கிறது. அளவு உங்களுக்கு அளவெடுத்தது போல. ஆனால் எஃகு ராக்வெல் என்ற கடின அளவையில் 58, கனமும் ஜாஸ்தி. 60, 61 கடினமுள்ள மெல்லிய ஜப்பானியக் கத்தியில் நான்கு ஆண்டு பழகிய கைக்கு அது சம்மட்டி மாதிரி இருக்கும். நான் வாங்க மாட்டேன்.

ஆகவே என் பரிந்துரை சாக்காய்ப் பக்கம்தான்: மரப்பிடி போட்ட, மெல்லிய, 240 என்று பெயர் எழுதிய கியூட்டோ. வாங்குமுன் ஒரே கேள்வி கேளுங்கள். ஜப்பானியரிடம் கேட்பதாக இருந்தால் சொல் ஹாவத்தாரி, வாயின் நீளம் என்று பொருள். அதை மட்டும் சொன்னால் பெட்டி எண்ணையே திருப்பிச் சொல்லக்கூடும். அதனால் "அடிமூலையிலிருந்து முனை வரை எத்தனை மி.மீ.? அளவுகோல் வைத்து ஒரு படம் அனுப்ப முடியுமா?" என்று சேர்த்துக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் அதற்கு முகம் சுளிப்பதில்லை. ஜப்பானுக்கு வெளியே கைவினைக் கத்திகளுக்கென்றே இருக்கும் கடைகள் பல, ஒவ்வொரு கத்தியையும் தனித்தனியாக அளந்து வாய் நீளம், அடிமூலையில் உயரம், முதுகின் தடிமன், எடை எல்லாவற்றையும் போடுகின்றன. அந்தப் பட்டியலில் தலைப்பைப் படிக்காதீர்கள், நேராக அளவுக்குப் போங்கள். 222-க்கும் 230-க்கும் இடையில் எது இருந்தாலும் அது உங்கள் கத்தி. இருநூறு கத்திகளை இப்படிப் புரட்டுவது அலுப்புத்தான், ஆனால் ஒரு ராத்திரி வேலை.

தலைகீழாகவும் தேடலாம். நீளம் கூடிப் பிறந்த 210-கள் உண்டு. கையால் அடிக்கும் கொல்லர்களிடம் 216, 218 வரை பார்த்திருக்கிறேன். 225-க்கு அது எட்டாது. ஆனால் வாய் தட்டையாக இருந்து, உயரமும் 50 மி.மீ. பக்கம் இருந்தால், பெரிய காய்க்குப் போதும் என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

பிடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் நாளைக்கு என்னைத் திட்டுவீர்கள். மேற்கத்திய பிடியில் எஃகு பிடியின் கடைசி வரை ஓடுகிறது, தறையாணி அடித்திருக்கும், எடை பின்பக்கம் உட்காரும். 240 ஒன்று 230, 250 கிராம் வரும். ஹோ எனப்படும் மக்னோலியா மரப்பிடி இறகு மாதிரி. அதே நீளக் கத்தி 150, 170 கிராமில் முடிந்துவிடும். எடை குறைவதால் நீளக் கத்தி குட்டையாக நடந்துகொள்கிறது. அதே சமயம் எடை நடு முன்பக்கம் நகர்வதால் முனை கொஞ்சம் தாழ்ந்து இழுக்கும், அது முதல் வாரம் நீளமாகத் தோன்றவைக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று சொல்ல முடியாது, கைக்குக் கை மாறும். பிடியை முழுதாகப் பற்றாமல், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகைக் கிள்ளிப் பிடிக்கிறவராக நீங்கள் இருந்தால் சீக்கிரம் பழகிவிடும். ஆனால் மரப்பிடி நீளம். மேற்கத்திய 240 நுனியிலிருந்து நுனி வரை 37 செ.மீ. என்றால், மரப்பிடி 240 கிட்டத்தட்ட 39. இழுப்பறையில் வைப்பவராக இருந்தால் இப்போதே உள்ளளவு எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் கத்தி வாங்கிவிட்டு, அதற்காக இழுப்பறையின் பின்பலகையை அறுத்தார்.

எஃகு என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. வெள்ளைக் காகித எஃகு, நீலக் காகித எஃகு என்று ஆசை காட்டுவார்கள். ஷிமானே மாநிலத்து யாசுகியில் செய்யும் நல்ல எஃகுதான், சுற்றிவந்த காகிதத்தின் நிறத்தால் அந்தப் பெயர். ஆனால் துருப்பிடிக்கும். மாங்காயும் எலுமிச்சையும் வெட்டிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்த் திரும்புவதற்குள் கறுத்திருக்கும். வெட்டியதும் துடைக்கிற பழக்கம் இல்லையென்றால் எளிதில் துருப்பிடிக்காத எஃகு போதும்: கின்சான் எனப்படும் வெள்ளி மூன்று அல்லது விஜி-10.

புதிதாக 225-ஏ செய்து தரச் சொல்லலாமா? சொல்லலாம். சுன் கணக்கில் கேளுங்கள். "ஏழு சுன் ஐந்து பு, வாய் நீளம்" என்று சொல்லுங்கள். "வாய் நீளம்" என்பதை விட்டுவிட்டால் அதிலும் கழுத்தைச் சேர்த்து 213 வாய் உள்ள கத்தி வந்து சேரும். அப்புறம் நீங்கள் என் மாதிரி ரசீதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தனியாளாக வேலை செய்யும் கொல்லர்கள் சிலர் ஏற்கிறார்கள், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாக்காயில் மூன்று பட்டறை கடந்து வருவதால் ஒற்றைக் கத்திக்கு மொத்த வியாபாரிதான் நடுவில் நின்று பேச வேண்டும். முதல் ஜப்பானியக் கத்திக்கு இந்தப் பாடு தேவையில்லை. நீங்கள் முதல் படியைத் தாண்டியவர் என்றாலும், நான் சொல்வது: முதலில் கடைச் சரக்கில் 228 ஒன்றைப் பிடித்து ஒரு வருடம் ஓட்டுங்கள்.

பழைய கத்தி இன்னொரு வழி, நான் மிகவும் விரும்பும் வழி. தினமும் கல்லில் ஏறும் கத்தி வருடத்துக்கு வருடம் குறுகும். ஓட்டலில் உழைத்த 240 ஒன்று, ஓய்வு பெறும்போது 225-இல் நிற்பது சாதாரணம். கவனிக்க வேண்டியது நீளம் இல்லை, தடிமன். அலகு முதுகிலிருந்து வாய்க்கு ஆப்பு மாதிரி சரிந்து வருகிறது. வாய் தேயத் தேய, நாம் மெல்ல மெல்ல ஆப்பின் தடித்த பகுதிக்குள் ஏறிக்கொண்டிருக்கிறோம். தொடும்போது கூராக இருக்கும், கேரட்டில் இறக்கினால் வெட்டுவதற்குப் பதில் டப்பென்று பிளக்கும். அப்படியென்றால் பக்கங்களைச் சாணைக்கல்லில் தேய்த்து மெலிக்க வேண்டும். அதற்கு ஆகும் கூலியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அடிமூலை உயரம் 42, 43-க்குக் கீழே போயிருந்தால் விட்டுவிடுங்கள், விரல் முட்டி பலகையில் இடிக்கும்.

முனை உடைந்த 240-ஐயும் ஒதுக்க வேண்டாம். எங்கள் அடுக்களையின் மூத்த சமையல்காரர் ஒருவரின் கத்தி கல் தரையில் விழுந்து முனை ஒரு செ.மீ. பறந்துவிட்டது. மனுஷன் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் முரட்டுக் கல்லில் வைத்து, வாய்ப் பக்கம் தொடாமல் முதுகுப் பக்கத்திலிருந்தே தேய்த்து இறக்கிப் புது முனை கொண்டுவந்தார். வாய் அப்படியே இருந்தது, முனை கொஞ்சம் கீழே இறங்கியது, நீளம் 229. அதன் பிறகு வேறு கத்தியை அவர் கையில் பார்த்ததில்லை. இதைப் படித்துவிட்டு நல்ல 240-ஐ வாங்கி வேண்டுமென்றே நறுக்கச் சொல்லிவிடாதீர்கள். அலகு முனையை நோக்கி மெலிந்துகொண்டே போகும்படி கொல்லர் அடித்திருக்கிறார். அந்த மெல்லிய கடைசிப் பகுதியைத்தான் நீங்கள் காசு கொடுத்துத் தூக்கி எறிவீர்கள்.

ஜப்பானுக்கே போய் வாங்கும் வாய்ப்பு இருந்தால் டோக்கியோவின் கப்பாபாஷி, ஒசாகாவின் டோகுயாசுஜி இரண்டும் அடுக்களைச் சாமான் தெருக்கள். சாக்காய்க்கே போனால் கத்தி அருங்காட்சியகமும் பார்த்துவிடலாம். கையில் துணி அளவுநாடா ஒன்று இருக்கட்டும். கடைக்காரர் எடுத்து நீட்டும் மூன்று 240-களையும் பக்கத்துப் பக்கத்தில், அடிமூலைகள் ஒரே கோட்டில் வரும்படி வைக்கச் சொல்லுங்கள். முனைகள் மூன்றும் மூன்று இடத்தில் நிற்பதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள். வாங்கியதைக் கடைக்காரர் கட்டிக் கொடுத்தபடியே பையில் வையுங்கள். தக்க காரணமில்லாமல் 6 செ.மீ.-க்கு மேல் வாய் உள்ள கத்தியை வெளியில் கொண்டு திரிவது அங்கே சட்டப்படி குற்றம். ரசீதோடு கட்டிய பொட்டலம் என்றால் காரணம் அதிலேயே இருக்கிறது. விமானத்தில் பெரிய பெட்டியில்தான் போட வேண்டும், கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும்.

மர உறை வாங்கும்போது மட்டும் பெட்டி எண்ணை நம்பலாம் என்று நினைக்காதீர்கள், அங்கேயும் அதே கதைதான். 210 உறைக்குள் உங்கள் கத்தி நுழையாது, வாயை அளந்து செய்த 240 உறைக்குள் போட்டால் லொடலொடவென்று ஆடும், ஆணி போடும் துளையும் அடிமூலைக்கு நேரே வராது. கத்தி வாங்கும் கடையிலேயே, அதே கத்தியை உள்ளே விட்டுப் பார்த்து எடுங்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று வந்த நான், உறையின் முனைப்பக்கம் ஒரு துண்டு கார்க்கை அடைத்துத்தான் இத்தனை வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.